கைவிரிப்புப் பிரிவின் பொற்காலம்

நெருப்பைக் கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கு முகவரி கிடையாது. ஆனால் ‘இல்லை’ என்ற பொருளைக் கண்டுபிடித்து, அதைக் கடை கடையாக விநியோகித்து, மக்களை வரிசையில் நிற்கவைத்த மாமனிதரின் அறைக்கு எதிர் அறையில்தான் நான் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெருமை எல்லோருக்கும் வாய்க்காது.

அவர் எங்கள் எம்.டி. நான் அந்த நிறுவனத்தில் அறிக்கை எழுதுபவன். நிறுவனம் செய்தது கையடக்க விளையாட்டுக் கருவி. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். பஸ்ஸில் இதைக் கையில் வைத்திருப்பவர் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருப்பார். கருவியின் பெயர் ‘பிடி’.

முதல் ‘பிடி’ வந்தபோது எம்.டி. இன்னும் ஞானம் பெறாதவர். அதனால் கேட்ட கடைக்கெல்லாம் கேட்ட அளவுக்கு அனுப்பிவிட்டார். கடைகளில் கூரை முட்ட அடுக்கினார்கள். ஜனங்கள் பார்த்தார்கள், “இங்கேதானே இருக்கப் போகுது, அப்புறம் வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு கடைக்காரர் பாராட்டிக் கடிதமே எழுதினார்: “தங்கள் கருவி மிக உறுதியானது. கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஒன்று வைத்தேன். மூன்று மாதமாகக் கதவு அசையவில்லை.”

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க மூன்று கூட்டங்கள் நடந்தன. நிறம் சரியில்லை என்றார் ஒருவர். பாட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றார் இன்னொருவர். எம்.டி. டீ குடிக்கக் கேன்டீனுக்கு இறங்கினார். நான் குறிப்பேட்டோடு பின்னால் போனேன்.

கேன்டீனில் இரண்டு கவுன்ட்டர். ஒன்றில் ஆளே இல்லை. இன்னொன்றில் முப்பது பேர் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இங்க மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்? இந்த டீ நல்லா இருக்குமோ?” என்று எம்.டி. கேட்டார்.

“ரெண்டும் ஒரே டீதான் சார்” என்றார் கேன்டீன்காரர். “இந்தப் பக்கம் ‘கொஞ்சம்தான் இருக்கிறது’ன்னு ஒரு அட்டை தொங்குது பாருங்க. போன வாரம் மாட்டினது. எடுக்க மறந்துட்டோம்.”

எம்.டி. வெகுநேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். “தப்பு கருவியில இல்லய்யா” என்றார் என்னிடம். “கிடைச்சதுதான் தப்பு.”

மறுநாளே நிறுவனம் சீரமைக்கப்பட்டது. அதுவரை கையிருப்புப் பிரிவு என்று இருந்ததன் பெயர்ப்பலகையை ஆறாவது மாடிக்காரர்கள் நாங்கள் செல்லமாக மாற்றி வாசித்தோம்: கைவிரிப்புப் பிரிவு. ‘பிடி-2’ என்ற புதிய கருவிக்கான பொறுப்பு முழுவதும் அந்தப் பிரிவுக்கு. கருவி கைக்கு அடங்க வேண்டும், ஆனால் கைக்கு எட்டக் கூடாது. இதுவே அதன் குறிக்கோள்.

முதல் கூட்டத்துக்கு உற்பத்தி மேலாளர் வந்தார். தொழிற்சாலையில் படிப்படியாக மேலே வந்த அம்மையார், எதையும் கணக்கோடு பேசுபவர்.

“மேடம், பிடி-2 ஒரு நாளைக்கு எவ்வளவு செய்யலாம்?” என்றார் எம்.டி.

“இருபதாயிரம் சார். கொஞ்சம் முடுக்கினா இருபத்திரண்டு.”

“முடுக்க வேண்டாம். தளர்த்தினா?”

“தளர்த்தறதா?”

“எவ்வளவு குறைவா செய்ய முடியும்னு கேக்கறேன்.”

அம்மையார் இருபத்தாறு வருட அனுபவத்தில் கேட்டிராத கேள்வி. “செய்யாம இருக்கறதுக்கு எல்லையே இல்லையே சார். பூஜ்ஜியம் வரைக்கும் போகலாம்.”

“பூஜ்ஜியம் வேண்டாம். அது நேர்மையாப் போயிடும்” என்றார் எம்.டி. “பத்துப் பேர் கேட்டா ஒருத்தருக்குக் கிடைக்கணும். அந்த ஒருத்தர் நமக்கு விளம்பரம். மிச்ச ஒன்பது பேர்தான் நமக்கு வாடிக்கையாளர்.”

“சிப் எல்லாம் ஏற்கெனவே வந்து கிடங்கு நிறைஞ்சு கிடக்குதே சார்?”

“பூட்டி வைங்க.”

“லைன்ல எண்ணூறு பேர் இருக்காங்க. அவங்க என்ன பண்றது?”

“அதையும் பார்த்துக்கலாம்” என்றார் எம்.டி. அடுத்த பொருளுக்குப் போனோம்.

கூட்டக் குறிப்பில் நான் எழுதினேன்: “தொழிலாளர் நலன் பரிவோடு விவாதிக்கப்பட்டது. கால அளவு: நான்கு விநாடி.”

எண்ணூறு பேரில் ஒருத்தி என் அக்கா. நாங்கள் இருவரும் ஒரே வளாகம். நான் ஆறாவது மாடி, அவள் தரைத்தளம், மூன்றாம் லைனின் லீடர். கருவியின் பின்மூடிக்கு எட்டுத் திருகு. அக்கா எட்டையும் பன்னிரண்டு விநாடியில் முடுக்கிவிடுவாள். அவள் முடுக்கியதைக் கையில் வைத்து உலுக்கினால் சத்தமே வராது. நான்கு விநாடி கழிந்தபோது எனக்கு அவள் ஞாபகம் வந்தது. வந்ததைக் குறிப்பில் சேர்க்கவில்லை. குறிப்பில் அதற்கு இடம் கிடையாது.

வெளியீட்டுக்கு நான்கு மாதம் முன்னாலேயே, விற்றுத் தீர்ந்துவிட்ட செய்தியை எழுதித் தரச் சொன்னார் எம்.டி. “மக்களின் எதிர்பாராத வரவேற்பால்...” என்று ஆரம்பித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“‘எதிர்பாராத’ பத்தாது. நாம அப்படியே ஆடிப்போயிருக்கணும்.”

“‘கற்பனைக்கும் எட்டாத’ன்னு போடட்டுமா சார்?”

“போடுங்க. நானே கற்பனை பண்ணினதுங்கறது யாருக்குத் தெரியப்போகுது? தேதிய மட்டும் காலியா விடுங்க.”

அதற்கடுத்த வாரங்களில் வரிசை வடிவமைப்புக் குழு இரவும் பகலும் உழைத்தது என்று எழுதினேன். பகலில் உழைத்தது உண்மை. கடைக்கு ஆறு கருவி. இரண்டு கதவுள்ள கடைகள் ஒன்றைப் பூட்டிவிட வேண்டும். வரிசை கடைக்குள் சுருளாமல் தெருவில் நீள வேண்டும், அதுவும் பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கமாக. குழுவில் ஒருவர் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதைக்கூட வரைந்து வைத்திருந்தார். நிழலில் நிற்பவர்கள் முகத்தில் போதிய ஏக்கம் தெரியாதாம்.

வெளியீட்டு நாள் சனிக்கிழமை. பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும். நான் எட்டரைக்கே பெரிய தெருக் கடைக்கு நேரில் போய்விட்டேன். முந்நூறு பேர் நின்றார்கள். காய்கறிப் பையோடு வந்த ஒருவர் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டு முன்னால் நின்ற அம்மாவைக் கேட்டார்.

“இங்க என்னம்மா குடுக்கறாங்க?”

“பிடி-2.”

“அப்படின்னா?”

“அது எனக்கும் தெரியாது. ஒருத்தருக்கு ஒண்ணுதானாம்.”

“ஐயையோ! அப்ப வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கணுமே” என்று அவர் போனை எடுத்தார்.

அப்போதுதான் அந்த விபத்து நடந்தது. பத்தரை மணிக்கு வெளிவர வேண்டிய என் அறிக்கை ஒன்பதே முக்காலுக்கே வெளிவந்துவிட்டது. நேரம் குறித்ததில் என் பிசகு. கடையின் ஷட்டர் இன்னும் இறக்கித்தான் இருந்தது. வரிசையில் ஒவ்வொரு போனாக ஒளிர்ந்தது.

“பிடி-2 வித்துத் தீர்ந்துபோச்சாம்!” என்று முன்னால் நின்ற அம்மா சத்தம் போட்டார்.

“கடையே திறக்கலியே?” என்றார் காய்கறிப் பைக்காரர்.

போச்சு, என் வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“திறக்கறதுக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சுன்னா அது எவ்வளவு நல்ல சாமானா இருக்கும்!” என்றார் அந்த அம்மா.

கண்ணைத் திறந்தபோது வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டியிருந்தது. ஒரு பஸ்ஸின் டிரைவரும் இறங்கி நின்றிருந்தார்.

பத்து மணிக்குத் திறந்து பத்து நாலுக்கு ஆறு கருவியும் தீர்ந்தன. ஆறாவதை வாங்கியவர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க, ஜனங்கள் எக்கி எக்கி அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஏழாவதாக நின்றவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். அவர் குரல் தழுதழுத்ததை எம்.டி. அறையில் பதினேழு முறை போட்டுப் பார்த்தார்கள். என் பிசகுக்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தப் பிசகின் பெயர் ‘முன்கூட்டிய விற்றுத்தீர்ப்பு உத்தி’ என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். எம்.டி. பிடி கொடுக்காமலே பேசினார். பிடியும் கொடுக்கவில்லை, பிடி-2-ம் கொடுக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “சிப் மேல போடுங்க. சிப்புக்கு வாய் கிடையாது” என்றார்.

எழுதினேன். “உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் உற்பத்தி பாதிக்கப்பட்டுள்ளது. கனத்த இதயத்துடனும் கலங்காத உறுதியுடனும் நிறுவனம் இதை எதிர்கொள்கிறது.” அந்த அறிக்கை பத்திரிகைகளுக்குப் போனது. அதன் பிரதி ஒன்றைத் தொழிற்சாலை வாசலிலும் ஒட்டினார்கள். அதற்குக் கீழேயே இன்னொரு தாள்: சிப் வரும்வரை லைன்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும். வேலை நடக்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த மாதம் மூன்று நாள் இரண்டு நாளாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன், கிறீச்சிடவில்லை. அலமாரிக் கதவு இழுத்தால்தான் திறந்தது. வாணலியின் பிடி ஆடவில்லை. வேலை இல்லாத நாட்களில் அக்கா வீட்டிலிருந்த திருகுகளையெல்லாம் முடுக்கிவிட்டாள். வீட்டில் தீர்ந்ததும் பக்கத்து வீட்டு இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி, தபால்பெட்டி என்று போயிருந்தாள். பேசும்போதும் அவள் வலதுகைக் கட்டைவிரல் எதையோ முடுக்குவதுபோல அசைந்துகொண்டே இருந்தது.

“ஏன்டா, சிப் வரலைன்னு ஒட்டியிருக்கே, நிஜமா?”

“அறிக்கையில அப்படித்தான் இருக்குக்கா.”

“யாரு எழுதினது?”

“நிறுவனம்.”

“நிறுவனத்துக்குக் கை இருக்கா என்ன? ‘கனத்த இதயத்துடனும் கலங்காத உறுதியுடனும்’னு போட்டிருக்கு. நான் வீடு மாத்தினப்போ, சாமான் தூக்க வர முடியலைன்னு நீ அனுப்பின மெசேஜ்லயும் இதேதான் இருந்துச்சு.”

நான் தண்ணீர் குடித்தேன். அத்தான் உள்ளே எழுந்து போய்விட்டார். சண்டை வரும் என்று தெரிந்தால் அவர் எப்போதும் எழுந்து போவார்.

“நாங்க கை கழுவப் போறதே கிடங்கைத் தாண்டித்தான்” என்றாள் அக்கா. “ஜன்னலை மறைச்சு அடுக்கி வெச்சிருக்கீங்க. ஒவ்வொரு பெட்டி மேலயும் கொட்டை எழுத்துல ‘சிப்’னு போட்டிருக்கு. எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சிட்டீங்களா?”

“அக்கா, இது தட்டுப்பாடு இல்ல. உத்தி.”

“உத்தின்னா?”

“இருக்கறத இல்லைன்னு சொல்றது.”

“அதுக்கு நம்ம வீட்ல வேற பேரு. அதைச் சொன்னதுக்கு அம்மாகிட்ட நீ அடி வாங்கியிருக்க.”

உத்தியின் நுட்பங்களை அவளுக்கு விளக்கினேன். ஏக்கம் என்பது ஒரு மூலதனம் என்றேன். காத்திருக்கும் வாடிக்கையாளர் விசுவாசியாகிறார் என்றேன். சந்தை இப்போது சூடாக இருக்கிறது என்றேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அவங்க காத்திருக்கறது விளையாடறதுக்குடா” என்றாள். “நாங்க காத்திருக்கறது?”

இந்தக் கேள்விக்கான பதில் அங்கீகரிக்கப்பட்ட கேள்வி-பதில் தொகுப்பில் இல்லை. நான் கிளம்பிவிட்டேன்.

ஐந்து மாதம் உத்தி அமோகமாக நடந்தது. பிடி-2 வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதில்லை, கீறல் விழுந்துவிடுமாம். விளையாடாதவர்கள்தான் விளையாட்டைப் பற்றி அதிகம் பேசினார்கள். அப்போதுதான் போட்டி நிறுவனம் ஒன்று தன் கருவியை ஆறு வாரத்தில் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது.

எம்.டி. எழுந்து நின்று, “இப்ப திறந்து விடுங்க” என்றார். “இத்தனை நாள் தேக்கி வெச்ச ஏக்கம். ஆறு வாரத்துல அத்தனையும் செஞ்சு தள்ளணும். எல்லா லைனும், ஆறு நாளும்!”

திங்கட்கிழமை காலை தொழிற்சாலையின் சங்கு ஊதியது. ஆறாவது மாடி ஜன்னலில் வரிசையாக நின்று பார்த்தோம். கிடங்குக் கதவு திறந்தது. சிப் பெட்டிகள் உலகளாவிய தட்டுப்பாட்டிலிருந்து மீண்டு, பத்தடி தள்ளியிருந்த லைனுக்கு உருண்டு வந்தன. மஞ்சள் சட்டைத் தொழிலாளர்கள் வாசலில் நுழைந்தார்கள். நுழைந்து முடிந்த பிறகும் எம்.டி. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்சப் பேர் எங்க?”

“அவ்வளவுதான் சார்” என்றார் உற்பத்தி மேலாளர். “நானூத்தி எண்பத்தெட்டு. முந்நூத்திப் பன்னிரண்டு பேர் வரல.”

“ஏன் வரல?”

“வேலை இல்லைன்னு சொன்னோம் சார். நம்பிட்டாங்க.”

ரொட்டிக் கம்பெனிக்குச் சிலர், சலவைக்கூடத்துக்குச் சிலர், ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ள சிலர். வாரத்தில் இரண்டு நாளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாதவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் கைதேர்ந்தவர்கள். வேலை தெரிந்தவரைத்தானே வெளியே முதலில் எடுத்துக்கொள்வார்கள்?

புதிதாக ஆள் எடுத்தோம். அவர்களுக்கு ஒரு திருகுக்கு அரை நிமிடம் பிடித்தது. அவசரப்படுத்தினால் திருகின் தலை வழுக்கிப்போனது. வெளியே வந்த கருவியை உலுக்கினால் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. ஒரு நாளைக்கு இருபதாயிரம் எங்கே, மூவாயிரம் தேறவில்லை. உற்பத்தி மேலாளர் அம்மையார் தானே லைனில் உட்கார்ந்து முடுக்கினார்.

எம்.டி. என்னை அழைத்தார். முதன்முறையாக அவர் முகத்தில், நாங்கள் வரிசைகளுக்காக வடிவமைத்த அந்த ஏக்கம் தெரிந்தது.

“நிஜமாவே தட்டுப்பாடு வந்துடுச்சுய்யா. அறிக்கை போடுங்க.”

உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. தட்டுப்பாட்டைப் பற்றிய அழகான சொற்களையெல்லாம் தட்டுப்பாடு இல்லாத காலத்திலேயே செலவழித்திருந்தேன். கடைசியில் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஓர் உண்மையான அறிக்கை எழுதினேன்: “செய்யத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். எங்களால் செய்ய முடியவில்லை.”

ஊரே சிரித்தது. “பாரு, எப்படியெல்லாம் ஆசை காட்டறான்!” என்று ஜனங்கள் ரசித்தார்கள். பிறகு போட்டி நிறுவனத்தின் கருவி வந்தது. கடைகளில் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். பெரிய தெருக் கடையில் அன்றைக்கு வரிசையே இல்லை. ஜனங்கள் இரண்டு கதவு வழியாகவும் போனார்கள், வாங்கினார்கள், வந்தார்கள்.

“அவங்களுக்கு உத்தியே தெரியல” என்றார் எம்.டி., இரக்கத்தோடு.

பழைய லைன் லீடர்களை எப்படியாவது அழைத்து வரச் சொல்லி உத்தரவாயிற்று. அக்கா இப்போது வேலை செய்த இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊசி முனை அளவுத் திருகுகளை விளக்கு வெளிச்சத்தில் முடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன்.

“எம்.டி. உன்னைத் திரும்பி வரச் சொல்றார்க்கா. ஆறு நாளும் வேலை.”

“எத்தனை மாசத்துக்கு?”

“சந்தை நிலவரத்தைப் பொறுத்து.”

“உன் கண்ணாடியக் குடு.”

கழற்றிக் கொடுத்தேன். அவள் முகம் மங்கலாகிப் போயிற்று. வெகுநாளாக மூக்கில் வழிந்துகொண்டிருந்த கண்ணாடி. நானும் அதை ஏற்றிவிட்டுக்கொண்டே அறிக்கை எழுதிப் பழகிவிட்டேன். இரண்டு திருகையும் முடுக்கித் துடைத்து, அவளே என் காதில் மாட்டிவிட்டாள். அவள் கை அசங்காமல் இருந்தது. கட்டைவிரலும்தான்.

“வர மாட்டியா?”

“சாப்பிட்டியா நீ?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கிழவர் பக்கம் திரும்பினாள். “ஐயா, இப்ப உங்களுக்குப் பார்க்கலாம். ரொம்ப நேரமா உட்கார வெச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க.”

கிழவர் வந்து ஐந்து நிமிடம்தான் இருக்கும். காத்திருக்க வைத்ததற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் நிறுவனத்தில் காத்திருக்க வைத்தால் விழா எடுப்போம்.

விழாவும் எடுத்தார்கள். வருடக் கடைசியில் தொழிலதிபர்கள் சங்கம் எங்கள் எம்.டி.க்கு ‘சிறந்த உற்பத்தி உத்தி’ விருது வழங்கியது. தேர்வுக் குழு என் அறிக்கைகளை மட்டும் படித்து முடிவு செய்திருந்தது. எம்.டி. மேடையில் சால்வைக்குள் கண் கலங்கினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “ஆண்டறிக்கை சப்புனு இருக்குய்யா. ஒரே ஒரு இடத்திலயாவது ‘இலக்கைத் தாண்டிய உற்பத்தி’ன்னு வரணும். தேடிப் பிடிங்க” என்றார்.

தேடினேன். கருவி இலக்கில் பாதிகூட எட்டவில்லை. அதன் உறை, சார்ஜர், எதுவும் தேறவில்லை. கடைசியில் மனிதவளப் பிரிவின் கோப்பில் கிடைத்தது. எழுதி எடுத்துப் போனேன். எம்.டி. எப்போதும்போலத் தலைப்பை மட்டும் படித்து, “பிரமாதம்” என்று கையெழுத்துப் போட்டார். பளபளப்புத் தாளில், நாலு வண்ணத்தில், எல்லாப் பங்குதாரர்களுக்கும் போயிற்று:

“இலக்கைத் தாண்டிய உற்பத்தி. பொருள்: வேலையிழந்தவர்கள். இலக்கு: பூஜ்ஜியம். உற்பத்தியானது: முந்நூற்றுப் பன்னிரண்டு. மூலப்பொருள் தட்டுப்பாடு எதுவும் ஏற்படவில்லை.”

இரண்டாம் நாள் காலை எம்.டி. அறைக்கு அழைப்பு வந்தது. மேசைமேல் ஆண்டறிக்கை விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் என் பெயர் போட்ட ஓர் உறை. எம்.டி.யின் விரல் அந்த வரியின்மேல் இருந்தது.

“இந்தக் கணக்கு தப்புய்யா!”

நான் உறையை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்.

“ஆமா சார், தப்புதான்” என்றேன். “முந்நூத்திப் பதிமூணு.”